நான்கு தலைகள், ஒரு பேரிக்காய்: பழைய கேலிச்சித்திரத்தைப் பார்க்கப் பழகும் முறை

பழைய அரசியல் கேலிச்சித்திரம் ஒன்று கண்ணில் பட்டால் நம்மில் பலர் முதலில் அதன் கீழே உள்ள வாசகத்தைப் படிக்கிறோம். அடுத்து, படத்தில் இருப்பவர் யார் என்று தேடுகிறோம். பெயர் தெரிந்ததும் படம் புரிந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வரைந்தவர் மை தொட்டு இழுத்த கோடுகளுக்கு நேரமே ஒதுக்குவதில்லை. கேலியின் உயிர் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. யாரை வரைந்தார் என்பதைப் புத்தகத்தில் தெரிந்துகொள்ளலாம். எப்படி வரைந்து நம்மைச் சிரிக்கவும் நம்பவும் வைத்தார் என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வழிகாட்டி முதல்முறையாக இத்தகைய படங்களைப் பார்க்க உட்காருபவர்களுக்கானது. ஓவியப் பயிற்சி வேண்டியதில்லை. ஐரோப்பிய வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. தேவையானதைப் போகிற போக்கில் சொல்கிறேன். பல படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பது நல்லது. நாம் எடுத்துக்கொள்ளும் படம், ஷார்ல் பிலிப்போன் என்ற பாரிஸ் பத்திரிகை ஆசிரியர் பேனாவும் மையும் கொண்டு வரைந்த நான்கு தலைகள். 1831 நவம்பர் 14 அன்று, தன்மீதான வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றத்திலேயே வரைந்தவை என்று அதன் தலைப்பு சொல்கிறது. முதல் தலை பிரான்சின் அரசர் லூயி பிலிப்புடையது. நான்காவது ஒரு பேரிக்காய்.

கோடு எப்படிப் பொருளாக மாறுகிறது என்பதை நான்கே கட்டங்களில் தானாகவே காட்டிக்கொடுக்கும் படம் இது. தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தொடங்கும் முன்

படத்தைப் பெரிய அளவில் பெறுங்கள். பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் 'கலிக்கா' இணையத் தொகுப்பில் அந்தக் காலப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். பிலிப்போனின் பெயரையும் 'லே புவார்' என்ற தலைப்பையும் பிரெஞ்சு எழுத்தில் இட்டுத் தேடுங்கள். 'பேரிக்காய்கள்' என்பதே அந்தத் தலைப்பு. கைபேசித் திரையில் பார்ப்பதோடு நிற்காமல் ஏ4 தாளில் அச்சிட்டுக்கொள்வது நல்லது. உடன் ஒரு பென்சில், நாலைந்து டிரேசிங் தாள், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி.

இந்தப் படத்துக்கு மூன்று உருவங்கள் உண்டு. ஒன்று, பிலிப்போனின் கையால் பேனாவில் வரைந்தது. இரண்டு, அவருடைய 'லா கரிக்கத்தூர்' வார இதழுடன் 1831 நவம்பர் 24 அன்று கல்லச்சில் வந்தது. மூன்று, 'ல ஷரிவரி' நாளிதழில் 1834 ஜனவரி 17 அன்று மரச்செதுக்கு அச்சில் வந்தது. மூன்றாவதை மறுபடி வரைந்தவர் அந்தக் காலப் பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இணையத்தில் அதிகம் கிடைப்பது இந்த மூன்றாவதுதான். முதலில் அதை வைத்தே பழகுங்கள். மற்ற இரண்டும் பிறகு கைகொடுக்கும்.

முதல் படி: எழுத்தை மூடிவைத்துப் பாருங்கள்

தலைப்பையும் படங்களின் கீழுள்ள வாசகங்களையும் ஒரு வெள்ளைத் தாளால் மறையுங்கள். பிறகு, கண்ணில் படுவதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 'கொடுங்கோலன்', 'முட்டாள்' போன்ற தீர்ப்புகள் வேண்டாம். கண், கன்னம், முடி, இலை, காம்பு, நிழல் என்று பொருள்களின் பெயர் மட்டும்.

இப்படி எழுதும்போது கிடைப்பது ஏறக்குறைய இதுவாக இருக்கும். மேல் வரிசையில் இரண்டு தலைகள், கீழ் வரிசையில் இரண்டு. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பார்க்கும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது ஒரு நடுத்தர வயது மனிதரின் முகம். நெற்றிக்கு மேல் தூக்கிவாரிய முடி, காதோரம் அடர்ந்த கிருதா, கனத்த கன்னம். கேலி எதுவும் இல்லாத உருவப்படம் என்றே சொல்லலாம். இரண்டாவதில் கன்னம் இன்னும் தொங்குகிறது, நெற்றி ஒடுங்குகிறது. மூன்றாவதில் தலை கிட்டத்தட்ட பழமாகிவிட்டது. கண்ணும் மூக்கும் வாயும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான்காவது காம்பும் இலையும் உள்ள பேரிக்காய். ஆனால் அதன் தோலில் சில கருநிழல்கள் இருக்கின்றன. முதல் மூன்றையும் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு அவை முகமாகத் தெரிகின்றன.

அந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தின் சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: கோட்டைப் பின்தொடருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

டிரேசிங் தாளை முதல் தலையின் மீது வைத்து வெளிக்கோட்டை மட்டும் இழுங்கள். கண், மூக்கு எதையும் தொடாதீர்கள். அதே தாளை நகர்த்தி இரண்டாவதன் வெளிக்கோட்டையும், பிறகு மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுங்கள். மேலே குறுகல், கீழே அகலம் என்ற ஒரே வடிவம்தான் நான்கிலும் இருக்கிறது என்பது தாளில் தெளிவாகத் தெரியும். பேரிக்காய் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பொருளாக இல்லை. முதல் முகத்தின் உள்ளேயே அது இருந்திருக்கிறது. வரைந்தவர் அதைக் கண்டுபிடித்து வெளியே எடுத்திருக்கிறார். நல்ல கேலிச்சித்திரக்காரரின் முதல் திறமை இது. ஒருவரின் முகத்தில் எது போனாலும் ஆள் மாறாது, எது போனால் ஆள் மாறிவிடும் என்று பிரித்தறியும் கண் அவருக்கு வேண்டும்.

இனி இன்னொரு டிரேசிங் தாளில் உள்கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கோடு தங்குகிறது, எது மறைகிறது, எது வேறொன்றாக வேடம் மாறுகிறது என்று மூன்று பட்டியல் போடுங்கள். மறைவது நிறைய: கழுத்து, காது, நெற்றியின் அகலம். தங்குவது கொஞ்சம்: கன்னத்தின் கனம், நடுவில் இருக்கும் கண்-மூக்கு-வாய்க் கூட்டம். வேடம் மாறுவதுதான் சுவாரசியமானது. நெற்றிக்கு மேல் தூக்கிய முடி படிப்படியாகக் காம்பும் இலையுமாகிறது. காதோரக் கிருதாவின் அடர்த்தி பழத்தின் பக்கவாட்டு நிழலாகிறது. முகத்தில் முடியைக் காட்டிய அதே வகைக் கோடு, பழத்தில் தோலின் வளைவைக் காட்டுகிறது. கருப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரத்தால்தான் இதைச் செய்ய முடியும். வண்ணம் இருந்திருந்தால் முடி பழுப்பாகவும் இலை பச்சையாகவும் பிரிந்து நின்று, இந்த மாற்றம் கண்ணெதிரே உடைந்துபோயிருக்கும்.

நிழலைக் கவனிக்க ஒரு சிறு குறிப்பு. மைச்சித்திரத்தில் சாம்பல் நிறம் கிடையாது. கோடுகளை நெருக்கமாக இழுத்தால் இருட்டு, தள்ளி இழுத்தால் வெளிச்சம், ஒன்றின் குறுக்கே இன்னொரு வரிசை இழுத்தால் இன்னும் இருட்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு நிழலும் கோடுகளாகப் பிரியும். அந்தக் கோடுகள் எந்தத் திசையில் வளைகின்றன என்று பாருங்கள். கன்னத்தின் உருட்சியோடு சேர்ந்து வளைந்தால் உருவத்துக்குக் கனம் வருகிறது. திசை பாராமல் நேராக ஓடினால் உருவம் தட்டையாகி, அவசரக் குறிப்பு போன்ற தோற்றம் வருகிறது. இந்தக் கனம்தான் கேலியைச் சுமக்கிறது. இலேசான, காற்றோட்டமான கோட்டில் வரைந்திருந்தால் அது அழகான பழமாகியிருக்கும். தொங்கித் தரைதட்டும் இந்தப் பாரம் வந்திருக்காது.

அடுத்து ஒரு சோதனை. முதல் மூன்று தலைகளையும் மடித்து மறைத்து, நான்காவதை மட்டும் இந்தக் கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். பேரிக்காய் என்பார். பிறகு முதலிலிருந்து வரிசையாகக் காட்டிவிட்டு நான்காவதை மறுபடி காட்டுங்கள். இப்போது அவருக்கு முகம் தெரியும். அதன்பின் எவ்வளவு முயன்றாலும் அது வெறும் பழமாகத் தெரியாது. தாளில் ஒரு கோடும் மாறவில்லை. மாறியது பார்ப்பவரின் கண். பக்கத்துப் பக்கத்துத் தலைகளுக்குள் வேறுபாடு சிறியது. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே இருப்பதோ மனிதனுக்கும் காய்க்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தை நாமே நடந்து கடக்கிறோம்.

எந்தக் கேலிச்சித்திரத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வியாக நான் கருதுவது இதைத்தான்: இதில் வரைந்தவர் செய்த வேலை எவ்வளவு, என் கண் செய்த வேலை எவ்வளவு?

மூன்றாம் படி: என்ன கருவி, என்ன அச்சு

பிலிப்போன் பேனாவில் வரைந்ததற்கும் மக்கள் கையில் கிடைத்ததற்கும் இடையே ஓர் அச்சு முறை இருக்கிறது. அது படத்தின் தோற்றத்தை மாற்றும். ஆகவே எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டே பேச வேண்டும்.

பேனாச் சித்திரத்தில் கையின் வேகம் நேராகத் தெரியும். அழுத்தும் இடத்தில் கோடு தடிக்கும், தூக்கும் இடத்தில் மெலியும். அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய மை, கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. வரைந்த பிறகு கருத்துவிடும் அது, காலப்போக்கில் பழுப்பாகும். பழைய சித்திரம் பழுப்பாக இருந்தால் ஓவியர் அந்த நிறத்தைத் தேர்ந்தார் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

கல்லச்சில், சுண்ணாம்புக் கல்லின் மீது கொழுப்புள்ள மையாலோ கிரேயானாலோ ஓவியரே வரைவார். கொழுப்பு அச்சு மையைப் பிடிக்கும், ஈரமான கல் தள்ளிவிடும். நடுவில் செதுக்குபவர் யாரும் இல்லாததால் ஓவியரின் கை அப்படியே தாளுக்கு வரும், வேலையும் வேகமாக முடியும். வாரந்தோறும் அரசியலோடு மல்லுக்கு நின்ற 'லா கரிக்கத்தூர்' கல்லச்சையே நம்பியிருந்ததற்கு இதுவே காரணம். ஆனால் கல்லச்சுக்குத் தனி இயந்திரம் வேண்டும். எழுத்து கோத்த பக்கத்தோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் அடிக்க முடியாது.

மரச்செதுக்கு அச்சில் அது முடியும். கெட்டியான மரக்கட்டையில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைச் சுரண்டி எடுத்து, கோடுகளை மேடாக விட்டுவிடுவார்கள். அந்தக் கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி நாளிதழ்ப் பக்கமாக அடிக்கலாம். 1834-இல் நான்கு தலைகளும் வாசகங்களும் ஒரே பக்கத்தில் கச்சிதமாக அமைந்தது அப்படித்தான். கோடுகள் தடிமனாகவும் தீர்மானமாகவும் தெரிவதற்கும் அதுவே காரணம். நீதிமன்றத்தில் கிறுக்கிய குறிப்பாக இருந்தது, அங்கே சுவரொட்டியின் உறுதியைப் பெற்றுவிடுகிறது. எனக்கு இந்த மூன்றாம் உருவமே அதிகம் பிடிக்கும். கேலி கூர்மையாக வேண்டுமானால் கோடு குறைய வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

இன்னொன்று. கல்லோ கட்டையோ செப்புத் தகடோ, அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும். இடக்கையில் வாள் பிடித்திருப்பதற்கு ஆழ்ந்த பொருள் சொல்லுமுன், ஓவியர் தகட்டில் நேராக வரைந்ததால் வந்த திருப்பமா என்று யோசியுங்கள்.

நான்காம் படி: தேதியைத் தேடுங்கள்

கேலிச்சித்திரம் நாள் கணக்கில் வாழும் கலை. ஆண்டு தெரிந்தால் போதாது; மாதமும், முடிந்தால் நாளும் வேண்டும். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

1830 ஜூலை 27, 28, 29 மூன்று நாளும் பாரிஸ் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பத்தாம் சார்ல் அரியணையை இழந்தார். ஆகஸ்டில் லூயி பிலிப் 'குடிமக்களின் அரசர்' என்ற பெயரோடு வந்தார். தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்று புதிய சாசனத்தில் எழுதப்பட்டது. அந்த வாக்குறுதியை நம்பித்தான் பிலிப்போன் அதே ஆண்டு நவம்பரில் 'லா கரிக்கத்தூர்' இதழைத் தொடங்கினார்.

முன்தணிக்கை போனாலும் வழக்குப் போடும் அதிகாரம் அரசிடம் இருந்தது. 1831 ஜூனில் வந்த ஒரு படத்தில், அரசரின் முகச்சாயல் கொண்ட ஒரு கொத்தனார், ஜூலைப் புரட்சியின் தடயங்களைச் சுவரில் பூசி மறைத்துக்கொண்டிருக்கிறார். அரசரை அவமதித்ததாக வழக்கு. கொத்தனாரின் தலையில் கிரீடம் இல்லை, பெயரும் எழுதப்படவில்லை, அரச சின்னம் ஒன்றும் இல்லை. சாயல் மட்டும்தான் இருந்தது. அந்தச் சாயல் குற்றமா என்பதே வழக்கின் கேள்வி. நான்கு தலைகளும் அந்தக் கேள்விக்குப் பிலிப்போன் தந்த பதில்.

ஐந்தாம் படி: இப்போது எழுத்தைப் படியுங்கள்

மறைத்த தாளை எடுத்துவிடலாம். நான்கு வாசகங்களும் நடுவரைப் பார்த்துப் பேசுகின்றன. முதலாவதன் கீழே: இது லூயி பிலிப்பைப் போலிருக்கிறது, ஆகவே தண்டிப்பீர்களா? இரண்டாவதன் கீழே: அப்படியானால் முதலாவதைப் போலிருக்கும் இதையும் தண்டிக்க வேண்டும். மூன்றாவதன் கீழே: இரண்டாவதைப் போலிருக்கும் இதையும். நான்காவதன் கீழே: கடைசியில், நீங்கள் முரணில்லாதவர்கள் என்றால், முந்தைய படங்களைப் போலிருக்கும் இந்தப் பேரிக்காயையும் விட்டுவிட முடியாது. இறுதியாக, தற்செயலோ குறும்போ இந்தச் சாயலைக் கொண்டுபோய் வைத்த எந்தப் பழத்துக்காகவும் பலகாரத்துக்காகவும் வரைந்தவருக்கு ஐந்தாண்டுச் சிறையும் ஐயாயிரம் பிராங்க் அபராதமும் விதிக்கலாமே, இது விசித்திரமான பத்திரிகைச் சுதந்திரம் என்று முடிகிறது.

எழுத்தும் படமும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பாருங்கள். எழுத்து மட்டும் இருந்தால் அது தர்க்கம். கேட்பவர் எங்கேனும் ஓரிடத்தில் மறுத்துவிடலாம். படம் மட்டும் இருந்தால் வேடிக்கை. இரண்டும் சேரும்போது, 'இது அதைப் போலில்லை' என்று சொல்ல முடியாதபடி கண் கட்டுப்பட்டுவிடுகிறது. அதோடு ஒரு பொறியும் இருக்கிறது. பேரிக்காயில் அரசரைப் பார்க்கும் நீதிபதி, அரசரைப் பேரிக்காயாகக் கண்டவராகிறார். பார்க்காவிட்டாலோ வழக்கு நிற்காது. இரண்டாம் படியில் நம் கண் செய்த வேலையை நீதிமன்றத்தின் கண்ணையும் செய்யவைத்து, அவமதிப்பை எதிர்த்தரப்பின் பார்வைக்கே மாற்றிவிடுகிறார் பிலிப்போன். கோட்டைக் குறைத்துக்கொண்டே போகும் உத்தி இங்கே வாதமாகவே ஆகிவிடுகிறது. உத்தி வேறு, பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாத இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காகத்தான் முந்தைய நான்கு படிகளும்.

வாதம் நீதிமன்றத்தில் வெல்லவில்லை. ஆறு மாதச் சிறையும் 2000 பிராங்க் அபராதமும் விதித்தார்கள்.

ஆறாம் படி: யார் பார்த்தார்கள், பிறகு என்ன ஆயிற்று

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படம் யார் கண்ணுக்கு எட்டியது என்று தெரியாமல் அதன் பொருளை முடிவு செய்ய முடியாது.

'லா கரிக்கத்தூர்' ஆண்டுச் சந்தா 52 பிராங்க். கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாத விலை. ஆனால் பிலிப்போனின் மைத்துனர் ஓபேர் பாரிஸின் வேரோ-தொதா வணிகச் சந்தில் படக்கடை வைத்திருந்தார். புதிய படங்கள் கடையின் கண்ணாடிச் சன்னலில் மாட்டப்படும். காசில்லாதவர்களும் நின்று பார்ப்பார்கள். அந்தச் சன்னல் முன் கூட்டம் முண்டியடிப்பதையே திராவியெஸ் என்ற ஓவியர் 1831 டிசம்பரில் ஒரு கல்லச்சுப் படமாக வரைந்தார். படிக்கத் தெரியாதவருக்கும் பேரிக்காய் புரிந்தது. வரையத் தெரியாதவரும் அதை வரைய முடிந்தது. பாரிஸ் சுவர்களெங்கும் கரியிலும் சுண்ணக்கட்டியிலும் பேரிக்காய்கள் முளைத்தன. கோடுகளை இவ்வளவு தூரம் குறைத்ததன் பலனை இங்கே பார்க்கலாம்: யார் கையும் திரும்ப வரையக்கூடிய அடையாளமாக அது ஆகிவிட்டது.

1832 ஜூனில் பிலிப்போன், முன்னாள் அரசர் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்ட சதுக்கத்தில் ஒரு பிரம்மாண்டப் பேரிக்காய்ச் சிலை நிற்பதுபோல் படம் வெளியிட்டார். கொலைக்குத் தூண்டுவதாக அரசுத் தரப்பு சொன்னபோது, அதிகம் போனால் பழப்பாகு காய்ச்சத் தூண்டுவதாகச் சொல்லலாம் என்றார். 1834 பிப்ரவரி 27 அன்று, தனக்கெதிரான தீர்ப்பை அச்சிட வேண்டி வந்தபோது 'ல ஷரிவரி' அந்தத் தீர்ப்பின் வரிகளையே பேரிக்காய் வடிவில் கோத்து அச்சிட்டது. அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். முகம் இல்லை, கோடும் இல்லை. எழுத்துகளின் வெளிவிளிம்பு மட்டுமே இருக்கிறது. ஆனாலும் அரசர் தெரிகிறார். நான்கு தலைகளுக்கு அது ஐந்தாவது.

1835 ஜூலையில் அரசரைக் கொல்ல முயற்சி நடந்தது. செப்டம்பரில் வந்த சட்டம் படங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. சாசனம் தணிக்கையைத் தடுத்திருந்தும், கருத்தை வெளியிடுவது வேறு, கண்ணுக்கு நேரே படம் வைப்பது வேறு என்று அரசு வாதாடியது. சட்டம் வருமுன்பே, ஆகஸ்டு முடிவில், 'லா கரிக்கத்தூர்' நின்றுபோயிற்று. ஒரு கோட்டுச் சித்திரத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு, எழுத்தையும் படத்தையும் பிரித்துச் சட்டம் போட வேண்டி வந்ததே சாட்சி.

ஏழாம் படி: படம் நியாயமானதா என்று கேளுங்கள்

ரசித்த பிறகு இதையும் கேட்டாக வேண்டும். ஒரு மனிதரின் பருத்த கன்னத்துக்கும் அவருடைய ஆட்சிக்கும் தொடர்பில்லை. பேரிக்காய்ப் படம் எந்தச் சட்டத்தையும் எந்தக் கொள்கையையும் சொல்வதில்லை, உடலைச் சொல்கிறது. அந்த அரசர் கையில் காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் இருந்தன, வரைந்தவர் கையில் பேனா மட்டும் இருந்தது என்பதால் இங்கே கேலி எனக்கு நியாயமாகப் படுகிறது. இதே உத்தியை ஆதரவற்ற ஒருவர்மீதோ ஒரு சமூகத்தார்மீதோ திருப்பினால் அது கொடுமையாகும். ஐரோப்பிய இதழ்களில் அப்படி வந்த படங்களும் ஏராளம். மேல்நோக்கி எறிந்ததா கீழ்நோக்கி எறிந்ததா என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள்.

படம் சொல்லும் பொய்களும் நிலைத்துவிடும். நெப்போலியனை ஒரு குட்டையான கோபக்காரனாக ஆங்கிலேயர் ஜேம்ஸ் கில்ரே திரும்பத் திரும்ப வரைந்தார். நெப்போலியன் அக்காலத்துப் பிரெஞ்சு ஆண்களின் சராசரி உயரம் உடையவர். இன்றும் உலகம் அவரைக் குள்ளர் என்றே நினைக்கிறது.

அடுத்து எதைப் பார்ப்பது

முதலில் தோமியேயின் 'கார்கான்துவா', 1831 டிசம்பர். பழைய பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனி ராட்சதனாக அரசர் உட்கார்ந்திருக்கிறார். தலை பேரிக்காய் வடிவம். வாயிலிருந்து தரைவரை ஒரு நீண்ட பலகை. ஏழைகள் கொடுக்கும் காசைக் கூடை கூடையாகச் சுமந்து அதன்மேல் ஏறுகிறார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து வேண்டியவர்களுக்குப் பதவியும் பட்டமும் கொட்டுகின்றன. இதில் அளவைக் கவனியுங்கள்: யார் பெரிது, யார் எறும்பளவு. பலகையின் சாய்கோட்டில் கண் எந்தத் திசையில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அரசருக்கு ஆண்டுதோறும் கஜானாவிலிருந்து எவ்வளவு கொடுப்பது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தப் படத்துக்காகத் தோமியேவுக்கும் ஆறு மாதச் சிறை கிடைத்தது. பேரிக்காயில் கோடு குறைந்துகொண்டே போயிற்று. இங்கே உருவங்கள் பெருகுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கேலியின் இரு வழிகள் புரியும்.

பிறகு கில்ரே 1805 பிப்ரவரி 26 அன்று வெளியிட்ட படம். ஆங்கிலப் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் ஒரு மேசையில் உட்கார்ந்து, உலக உருண்டையைப் புட்டிங் போல் வெட்டிக்கொள்கிறார்கள். பிட் பக்கம் கடல் போகிறது, நெப்போலியன் பக்கம் ஐரோப்பா. இது செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்துச் செய்து, கையால் வண்ணம் தீட்டியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கும். பிட்டின் முள்கரண்டி கடல் தெய்வத்தின் திரிசூலம், நெப்போலியனின் கத்தி ஒரு வாள். கருவியைப் பார்த்தே ஆளின் பலம் எதில் என்று சொல்லும் உத்தி இது. ஒருவர் உட்காரும் விதத்தையும் மற்றவர் எழும் விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து நம் பக்கம் வர ஒரு நேர்வழி உண்டு. 1841-இல் லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' இதழ் தன்னை 'லண்டன் ஷரிவரி' என்றே அழைத்துக்கொண்டது. அதைப் பார்த்து லக்னோவில் 1877-இல் 'அவத் பஞ்ச்' வந்தது. பம்பாயிலும் பஞ்ச் இதழ்கள் கிளம்பின. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு இடம் தந்து வளர்த்தது 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழ். பாரதியார் அதன் ஆசிரியப் பணியில் இருந்தார். அடக்குமுறை நெருங்கியதும் 1908-இல் அந்த இதழ் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு இடம் மாறி அங்கிருந்து வெளிவந்தது. அதன் படங்களைத் தொகுத்த நூல் தமிழில் உண்டு. பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படங்களில் விலங்குகளும் புராண உருவங்களும் நிறைய வரும். பெரும்பாலும் விளக்கமும் சேர்ந்தே வரும். ஆகவே வேலைப் பங்கீடு பேரிக்காயில் இருந்ததுபோல் இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் எழுத்து சொல்லித்தந்ததால் தெரிந்தவை, மற்றதில் கோட்டைப் பார்த்தே தெரிந்தவை. இரண்டாம் பத்தி நீளமாக இருக்கும் படங்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றின் வெளிக்கோட்டை டிரேசிங் தாளில் இழுக்கத் தொடங்குங்கள்.